இப்போதா, பிறகா: மைலோமா நோயாளிக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையின் நேரம்

என் அக்காவுக்கு மல்டிபிள் மைலோமா, அதாவது எலும்பு மஜ்ஜையில் வரும் ஓர் இரத்தப் புற்றுநோய், என்று உறுதியானபோது அவருக்கு வயது 56. நான்கு சுற்று மருந்து முடிந்து, மைலோமா செல்கள் சுரக்கும் புரதத்தின் அளவு இரத்தத்தில் நன்றாக இறங்கியிருந்த வாரத்தில், மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்புறம் இரண்டு கோடுகள் இழுத்தார். ஒன்றில் தொடக்கத்திலேயே ஒரு வட்டம். மற்றொன்றில் அதே வட்டம் வெகுதூரம் தள்ளி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு இருந்தது. வட்டம் என்பது ஸ்டெம் செல் மாற்று; மஜ்ஜையில் இருந்துகொண்டு இரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களே ஸ்டெம் செல்கள். “செய்வதா வேண்டாமா என்பது இப்போதைய கேள்வி இல்லை. இப்போதே செய்துவிடலாமா, நோய் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாமா என்று வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்” என்றார். இரண்டு வாரம் அவகாசம் கிடைத்தது. அந்த இரண்டு வாரத்தில் படித்ததையும் கேட்டதையும், அதற்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் கண்டதையும் வைத்துத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன்; நோயாளிக்குத் துணையாக வார்டுக்குப் போய்வந்தவன். இதே கேள்வியோடு வீடு திரும்பியிருக்கும் குடும்பங்கள் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெளிந்துகொள்ள இது பயன்பட்டால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ‘மாற்று’ என்ற சொல் காதில் விழுந்ததுமே எங்கள் உறவில் நான்கு பேர் தங்கள் எலும்பு மஜ்ஜையைத் தருவதாக முன்வந்துவிட்டார்கள். சிறுநீரக மாற்று போல வேறொருவரின் உறுப்பு தேவைப்படும் என்று நினைத்தார்கள். கடுமையான லுக்கேமியா பலவற்றில் அப்படித்தான்: உடன்பிறந்தவரோ, பதிவேட்டில் கிடைக்கும் பொருத்தமான அந்நியரோ, பாதி பொருத்தமுள்ள பெற்றோர் அல்லது பிள்ளையோ தரும் ஸ்டெம் செல்கள் தேவைப்படும், வந்து சேரும் புதிய நோய் எதிர்ப்பாற்றலே மிச்சமிருக்கும் புற்றுச் செல்களை வேட்டையாடும் என்பதுதான் அங்கே கணக்கு. மைலோமாவில் வழக்கமாகச் செய்வது அது அன்று. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களையே எடுத்து வைத்துக்கொண்டு, மெல்ஃபலான் என்னும் மருந்தை மிக அதிக அளவில், உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராம் வீதம் கொடுத்து, மஜ்ஜையிலுள்ள மைலோமா செல்களை முடிந்தவரை அழித்துவிட்டு, எடுத்து வைத்த செல்களைத் திருப்பி ஏற்றுகிறார்கள். வயது கூடியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் 140 மில்லிகிராம். ஆக, நோயைத் தாக்குவது மெல்ஃபலான்தான். அந்த அளவு மருந்தில் மஜ்ஜை மீளாமல் போய்விடாதபடி காப்பதே ஸ்டெம் செல்லின் வேலை. பிறருடைய செல்லை உடல் ஏற்குமா, அந்தச் செல் நம் உடலைத் தாக்குமா என்ற கவலைகள் இதில் இல்லை. அக்காவுக்காக வந்த நான்கு பேரில் இருவர் பின்னர் பிளேட்லெட் கொடுத்தார்கள்; அதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல குடும்பங்கள் இதைத் தெரியாமலே முடிவெடுக்கின்றன. இந்த மாற்றுச் சிகிச்சை மைலோமாவை வேரோடு பிடுங்கிவிடும் என்று எவரும் உறுதி தருவதில்லை. பெரும்பாலோருக்கு நோய் என்றாவது திரும்புகிறது. அந்த ‘என்றாவது’ எத்தனை தூரம் தள்ளிப்போகும் என்பதைப் பற்றியதே இந்த ஒப்பீடு முழுவதும்.

ஒரு காலத்தில் இப்படி ஒரு கேள்வியே எழவில்லை. 1996-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில் 200 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பழைய கீமோதெரபியும் மற்றதற்கு மாற்றுச் சிகிச்சையும் கொடுத்தபோது, ஐந்து ஆண்டு உயிரோடிருந்தவர்கள் முறையே 12 விழுக்காடும் 52 விழுக்காடுமாக இருந்தார்கள். அவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு முன் விவாதத்துக்கு இடமில்லை. அதன்பின் மருந்துகள் மாறின. 1999-இல் தாலிடோமைடு மைலோமாவுக்குப் பயன்படும் என்று தெரியவந்தது. 2003-இல் போர்டிசோமிப், 2006-இல் லெனலிடோமைடு, 2015-இல் டாராடுமுமாப் என அமெரிக்காவில் அடுத்தடுத்து ஒப்புதல் கிடைத்தது. மருந்துகளே இவ்வளவு நன்றாக வேலை செய்யும்போது மூன்று வாரம் தனியறையில் கிடந்து, தலைமுடி கொட்டி, வாய் புண்ணாகி இந்தச் சிகிச்சையை உடனே எடுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

அதற்கு விடை தேடிய ஆய்வுகளில் இரண்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இரண்டிலும் போர்டிசோமிப், லெனலிடோமைடு, டெக்ஸாமெத்தசோன் மூன்றும் சேர்ந்த அதே கூட்டு மருந்துதான். இரண்டிலும் 65 வயது வரை உள்ளவர்களே சேர்க்கப்பட்டார்கள். முதலாவது 700 பேர் பங்கேற்று 2017-இல் முடிவு வெளியான பிரெஞ்சு ஆய்வு. உடனே மாற்றுச் சிகிச்சை பெற்ற பிரிவில் நோய் மீண்டும் தலைதூக்காமல் இருந்த காலத்தின் இடைநிலை (பாதிப் பேர் தாண்டிய காலம்) 50 மாதம். மருந்தோடு மட்டும் தொடர்ந்த பிரிவில் 36 மாதம். ஆனால் நான்காம் ஆண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 81 விழுக்காடும் 82 விழுக்காடும்; எட்டாம் ஆண்டில் பார்த்தபோதும் ஏறத்தாழ 62-ம் 60-ம்தான். இரண்டாவது அமெரிக்க ஆய்வு. 722 பேர், 2022-இல் வெளியானது. அதில் நோய் முடிவின்றித் தள்ளிப்போகட்டும் என்று இரு பிரிவினருக்கும் லெனலிடோமைடை இடைவிடாமல் கொடுத்துக்கொண்டே போனார்கள். நோய் அடங்கியிருந்த காலம் 67.5 மாதத்துக்கு எதிராக 46.2 மாதம். ஐந்தாம் ஆண்டில் உயிரோடிருந்தவர்கள் 80.7 விழுக்காடும் 79.2 விழுக்காடும்.

இந்த எண்களை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆயுள் கூடவில்லை என்றால் எதற்கு இந்தப் பாடு? மறுபடி படித்தபோதுதான் அவை சொல்வது இரண்டு தனித்தனிச் செய்திகள் என்று புரிந்தது. இப்போதே செய்துகொள்வதால் கிடைப்பது, முதல் முறை நோய் திரும்புவதற்குள் ஏறக்குறைய ஓராண்டு முதல் இரண்டாண்டு வரையிலான கூடுதல் காலம். தள்ளிப்போடுவதால் ஆயுள் குறைந்ததாக இதுவரை தெரியவில்லை. நோய் திரும்பிய பிறகு கொடுக்கும் மருந்துகள் அந்த இடைவெளியை ஈடுகட்டிவிடுகின்றன. ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: திரும்பிய நோய்க்கு அந்த நல்ல மருந்துகள் கையில் கிடைக்க வேண்டும். அமெரிக்க ஆய்வில் தள்ளிப்போட்ட பிரிவில் ஆய்வு மருந்தை நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 28 பேர்தான் பிறகு மாற்றுச் சிகிச்சைக்குப் போனார்கள். மற்றவர்களைத் தாங்கிப்பிடித்தவை விலையுயர்ந்த புதிய மருந்துகள். பிரெஞ்சு ஆய்விலோ நோய் திரும்பியவர்களில் 79 விழுக்காட்டினர் மாற்றுச் சிகிச்சையைப் பெற்றுவிட்டார்கள். அதாவது, அந்த நாடுகளில் ‘பிறகு’ என்று சொன்னால் அந்தப் பிறகு ஏதோ ஒரு வடிவில் வந்து சேர்கிறது. கரூரில் இருந்துகொண்டு ‘பிறகு’ என்று சொல்லும்போது எங்கள் நிலை அதுவேதானா என்பதைத்தான் நாங்கள் யோசிக்க வேண்டியிருந்தது.

இப்போதே செய்துகொள்வது எப்படியிருக்கும் என்பதைக் கண்டபடி சொல்கிறேன். முதலில் நான்கைந்து நாள் வயிற்றில் ஊசி. மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை இரத்தத்துக்குள் இறக்கிவிடும் ஃபில்கிராஸ்டிம். இடுப்பும் முதுகும் வலிக்கும். பல்வலி போல உள்ளே குடைகிறது என்றார் அக்கா. பிறகு டயாலிசிஸ் இயந்திரம் போன்ற ஒன்றோடு இணைத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் இரத்தத்தைச் சுற்றவிட்டு, தேவையான செல்களை மட்டும் ஒரு பையில் சேர்க்கிறார்கள். இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைக் குறைத்துவிடுவதால் உதட்டைச் சுற்றிச் சுருசுருவென்று இருக்கும். வாயில் ஒரு கால்சியம் மாத்திரையை அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். உடல் எடையில் கிலோ ஒன்றுக்குக் குறைந்தது 20 லட்சம் செல் வேண்டும். அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தால் இரண்டு தடவைக்கு ஆகும். அக்காவுக்கு ஒரே நாளில் அந்த அளவு சேர்ந்தது. பாதியை உறையவைத்து எடுத்து வைத்தார்கள். அந்தப் பாதியின் அருமை எங்களுக்கு அன்று தெரியவில்லை.

மெல்ஃபலான் ஏற்றிய நாளில் என் வேலை ஐஸ் கட்டி ஊட்டுவது. அரை மணி நேர மருந்துதான். ஆனால் அதற்கு முன்னும் ஏற்றும்போதும் பின்னும் வாயில் ஐஸ் இருந்துகொண்டே இருக்க வேண்டும். வாயின் இரத்தக் குழாய்கள் சுருங்கினால் அங்கே மருந்து குறைவாகப் போய்ச் சேரும், புண்ணும் குறையும். எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் நொறுக்குகளை வைத்துக்கொண்டு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் அக்கா பல் கூசுகிறது, போதும் என்று கையைத் தட்டிவிட்டார். அங்கிருந்த செவிலியர் அம்மா, “இன்னிக்குக் கூசினா பரவால்லைக்கா, அடுத்த வாரம் தண்ணி முழுங்கணும்ல” என்று விடாமல் கொடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் அக்கா கஞ்சியை விழுங்க முடிந்ததற்கு அந்த டம்ளர்தான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன். செல்களைத் திருப்பி ஏற்றிய நாளில் அறை முழுக்க வேகவைத்த மக்காச்சோளமும் பூண்டும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. உறையவைக்கச் சேர்த்த திரவம் மூச்சு வழியே வெளியேறுகிறது என்றார்கள். மறுநாளும் அது இருந்தது.

அதன்பின் காத்திருப்புதான். ஒரு நோட்டில் தினமும் வெள்ளணு, பிளேட்லெட் எண்ணிக்கையை எழுதினேன். ஏழாம் நாளுக்குள் வெள்ளணு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்ற அளவுக்கு இறங்கி, காய்ச்சல் வந்து, ஆன்டிபயாடிக் மாற்றி, பதினொன்றாம் நாளில் ‘கவுண்ட் ஏறுது’ என்று இளம் மருத்துவர் வாசலில் நின்றே சொன்னார். பதினெட்டாம் நாள் வீடு. ஆனால் வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. சமையலறையில் பத்து நிமிடம் நிற்க முடியாத சோர்வு மூன்று மாதம் நீடித்தது. அமெரிக்க ஆய்விலும் இதையே காண்கிறோம்: மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம் அந்த வாரங்களில் தெளிவாகச் சரிந்து, பிறகு சில மாதங்களில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

இதன் ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிகிச்சையின்போதே இறப்பவர்கள் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ. பிறர் தரும் செல்லைக் கொண்டு செய்யும் மாற்றோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் அந்த ஒருவர் யார் வீட்டவர் என்பது முன்கூட்டித் தெரியாது. இரண்டாவது, மெல்ஃபலான் மஜ்ஜையில் விட்டுச்செல்லும் தழும்பு. அமெரிக்க ஆய்வில் மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் 10 பேருக்குப் பின்னாளில் கடுமையான மைலாய்டு லுக்கேமியாவோ அதற்கு முந்தைய நிலையான மஜ்ஜைக் கோளாறோ வந்தது. மருந்து மட்டும் பெற்ற பிரிவில் ஒருவருக்கும் வரவில்லை. எண்ணிக்கை சிறியதுதான். இருந்தாலும் நாற்பது வயதில் நோய் கண்ட ஒருவர் இன்னும் இருபது ஆண்டு வாழக் கணக்குப் போடும்போது அதை ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் மைலோமா மேலை நாடுகளைவிட ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே வருவதால் இந்தக் கேள்வி நம்மவர்களுக்குக் கூடுதல் கனமுடையது.

இனி, தள்ளிப்போடுவது. அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் போர்டிசோமிப் ஊசிக்காக வாரந்தோறும் உட்கார்ந்திருந்தவர் ஓர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வயது 61. அவர் தள்ளிப்போட்டார். மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். வீட்டில் வேறு ஆளில்லை. மூன்று வாரம் மருத்துவமனையிலும் மூன்று மாதம் தொற்றுக்குப் பயந்து ஒதுங்கியும் இருக்க அவரால் இயலாது. இதைச் சாக்கு என்று எவரும் சொல்ல முடியாது. நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் முழுநேரமும் உடனிருக்க முடியாத வீட்டில் இந்தச் சிகிச்சையைத் தொடங்குவதே ஆபத்து. அவர் செய்த ஒரு காரியம் மட்டும் மிகச் சரியானது: தள்ளிப்போடுவதற்கு முன் ஸ்டெம் செல்களை எடுத்து உறையவைத்துவிட்டார்.

தள்ளிப்போடும் முடிவின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து. லெனலிடோமைடை நீண்ட நாள் எடுத்துக்கொண்டால் பிறகு போதுமான செல்களை மஜ்ஜையிலிருந்து இறக்குவது கடினமாகிறது. அதனால்தான் நான்கு சுற்று முடிந்ததும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். எடுத்ததைத் திரவ நைட்ரஜனில் வைத்தால் பல ஆண்டு இருக்கும். ஆனால் நம் நாட்டில் எல்லா மையங்களிலும் அந்த வசதி இல்லை. செல்களை எடுத்து, 4 டிகிரி குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் மெல்ஃபலானைக் கொடுத்து முடித்து, உடனே திருப்பி ஏற்றிவிடுவது இந்திய மையங்கள் பலவற்றில் நடைமுறை. மெல்ஃபலான் உடலிலிருந்து விரைவில் வெளியேறிவிடுவதால் இது சாத்தியமாகிறது, செலவும் குறைகிறது, செல்கள் நன்றாகவே ஒட்டிக்கொள்கின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லாத முறை. ஆனால் அப்படிப்பட்ட மையத்தில் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றால், செல்களையும் பிறகுதான் எடுக்க முடியும்: நோய் திரும்பிய பிறகு, நான்கைந்து ஆண்டு மருந்தில் மஜ்ஜை களைத்த பிறகு. வெளிநாட்டு ஆய்வுகள் ஒப்பிட்ட ‘பிறகு’ வேறு, இந்தப் ‘பிறகு’ வேறு. உங்கள் மையத்தில் உறையவைக்கும் வசதி உண்டா, ஆண்டுக்கட்டணம் என்ன, இரண்டு தடவைக்கான செல் எடுப்பார்களா என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரியாமல் தள்ளிப்போடச் சம்மதிக்க வேண்டாம்.

வயதும் அதே கணக்கில் சேரும். 62 வயதில் தள்ளிப்போட்டு 67-இல் நோய் திரும்பினால், அப்போது இதயமும் சிறுநீரகமும் மெல்ஃபலானைத் தாங்குமா என்பது புதிய கேள்வி. வயதை மட்டும் வைத்து மறுப்பதில்லை என்றாலும், மைலோமா திரும்பும்போது பல சமயம் சிறுநீரகத்தையோ முதுகெலும்பையோ தாக்கிக்கொண்டே திரும்புகிறது. தவிர, தள்ளிப்போட்டவருக்கு மாதாமாதப் பரிசோதனை தவறக் கூடாது. புரத அளவு மெல்ல ஏறத் தொடங்கும்போதே பிடித்தால் தயாராக அவகாசம் இருக்கும். எலும்பு முறிந்த பிறகு வந்தால் இருக்காது. உடம்பு நன்றாக இருக்கும்போது மருத்துவமனைப் பக்கம் போகாமலிருப்பது நம் ஊர்ப் பழக்கம். அந்தப் பழக்கம் உள்ளவர்கள் தள்ளிப்போடாமலிருப்பதே நல்லது என்று நேராகவே சொல்வேன்.

ஒரு பிரிவினருக்கு இந்த ஒப்பீடு பெரும்பாலும் தேவைப்படாது. மஜ்ஜை மாதிரியில் செய்யும் ஃபிஷ் சோதனையில் 17-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு காணாமல் போயிருப்பது, 4-ம் 14-ம் இடம் மாறிச் சேர்ந்திருப்பது போன்ற மாற்றங்கள் தெரிந்தால் அதை அதிக அபாய மைலோமா என்கிறார்கள். அமெரிக்க ஆய்வில் இத்தகையோர் மாற்றுச் சிகிச்சை பெற்றபோது நோய் அடங்கியிருந்த காலம் 55.5 மாதம், மருந்து மட்டும் பெற்றபோது 17.1 மாதம். இவர்களுக்குத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. எனவே, ஃபிஷ் அறிக்கை கையில் இல்லாமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். சில இடங்களில் செலவை முன்னிட்டு அந்தச் சோதனையை விட்டுவிடுகிறார்கள். முதல் மாதிரி எடுக்கும் நாளிலேயே கேட்டுச் செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் மருந்து வேலை செய்து மைலோமா செல்கள் குறைந்துவிட்டால் சோதிக்கச் செல் போதாது.

இதற்கு நேர் எதிரான பிரிவும் உருவாகி வருகிறது. 2025-இல் வெளியான மற்றொரு பிரெஞ்சு ஆய்வில் நான்கு மருந்துக் கூட்டை ஆறு சுற்று கொடுத்து, ஒரு லட்சம் செல்லில் ஒரு மைலோமா செல்கூடத் தென்படாதவர்களை மட்டும் பிரித்தெடுத்து, பாதிப் பேருக்கு மாற்றுச் சிகிச்சையும் மீதிப் பேருக்கு அதே மருந்தும் தொடர்ந்தார்கள். பத்து லட்சத்தில் ஒன்றுகூட இல்லாத நிலையை எட்டியவர்கள் 86 விழுக்காடும் 84 விழுக்காடும். வேறுபாடு என்று சொல்ல எதுவுமில்லை. இது இன்னும் குறுகிய காலக் கணக்குதான். ஆயுள் பற்றிய கணக்கு வர ஆண்டுகள் ஆகும். ஆனால் எல்லோருக்கும் ஒரே பாதை என்ற நிலை மாறிக்கொண்டிருப்பதற்கு இது அடையாளம். அந்த நான்கு மருந்துக் கூட்டு நமக்குக் கிடைத்ததா, அந்த நுண்ணிய சோதனை நம் மையத்தில் உண்டா என்று பார்த்த பிறகே அந்த முடிவை நமக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும். அக்காவுக்குக் கிடைத்தது மூன்று மருந்துக் கூட்டுதான்.

புதிய சிகிச்சைகளுக்காகக் காத்திருக்கலாமே என்று எங்கள் உறவில் படித்த பிள்ளைகள் சொன்னார்கள். நோயாளியின் சொந்த நோய் எதிர்ப்புச் செல்களை எடுத்து, புற்றுச் செல்லைத் தாக்கும்படி மாற்றி ஏற்றும் கார் டி செல் சிகிச்சை மைலோமாவுக்கு அமெரிக்காவில் 2021-இலும் 2022-இலும் ஒப்புதல் பெற்றது உண்மை. அதை மாற்றுச் சிகிச்சையோடு நேரடியாக ஒப்பிடும் ஆய்வும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் 2023-இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற உள்நாட்டு கார் டி, பி செல் லிம்போமாவுக்கும் லுக்கேமியாவுக்கும் உரியது. மைலோமா செல்லை அது குறிவைப்பதில்லை. செய்தித்தாளில் ‘இரத்தப் புற்றுநோய்க்கு இந்தியக் கார் டி’ என்று தலைப்பைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்த எண்ணிய ஒருவரை வார்டில் பார்த்தேன். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கும் கதைதான் அது.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இடத்துக்கு இடம் தொகை மாறுகிறது. மாற்றுச் சிகிச்சை ஒரே மூச்சில் லட்சக்கணக்கில் கேட்கும். தள்ளிப்போட்டால் அதே பணம் மாதாமாதம் மருந்தாகக் கரையும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றும் இடம்பெற்றிருப்பதால், அட்டை உள்ளவர்கள் எந்த மருத்துவமனையில் அது செல்லும் என்று அங்குள்ள திட்ட அலுவலரிடமே கேட்டுவிடலாம். பலர் கணக்கில் விடுவது, காப்பீடு ஒரு தடவை சேர்க்கைக்கான செலவைத் தாங்குவதும், திரும்பிய நோய்க்கு ஆண்டுக்கணக்கில் வேண்டிவரும் டாராடுமுமாப் போன்ற மருந்துகள் அந்தக் குடும்பத்தின் கையையே எதிர்பார்த்து நிற்பதும்தான். முதல் முறை திரும்புவதை இரண்டாண்டு தள்ளிவைப்பது என்பது நம் வீடுகளில் மருத்துவக் கணக்கு மட்டுமல்ல. கடன் வாங்கும் நாளையும் அது தள்ளிவைக்கிறது.

எந்தப் பாதையில் போனாலும் பின்னால் வரும் வாழ்க்கை பெரிதும் ஒன்றுதான். லெனலிடோமைடு மாத்திரை, 21 நாள் எடுத்து 7 நாள் நிறுத்தி. இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின். அக்கி வராமல் இருக்க ஏசைக்ளோவிர். எலும்புக்கு ஜோலெட்ரானிக் அமிலம். இந்த எலும்பு மருந்தைத் தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்த்துப் பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகலாம். முதுகு வலிக்கிறது என்று மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக் கூடாது, சிறுநீரகம் அதைத் தாங்காது. இதை மாமா குளிர்பதனப் பெட்டியின் கதவிலேயே எழுதி ஒட்டிவைத்தார். போர்டிசோமிப் கால் நரம்பைத் தொட்டிருந்தால் அந்த மரத்துப்போன உணர்வு நெடுநாள் நிற்கும்: அக்கா ஒருநாள் கோயில் வாசலில் இருந்து தெருமுனை வரை ஒரு காலில் செருப்பில்லாமல் நடந்து வந்தார், வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவை உடல் இழந்துவிடுவதால், ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்குப் போடுவது போல மீண்டும் வரிசையாகப் போட வேண்டும். உயிருள்ள கிருமியாலான ஊசிகளுக்கு இரண்டாண்டாவது பொறுக்க வேண்டும். தன் பேத்திக்குப் போட்ட அதே மாதத்தில் அக்காவுக்கும் நிமோனியா தடுப்பூசி போடப்பட்டது.

என் தீர்ப்பு என்று ஒன்றைக் கேட்டால்: 65 வயதுக்குட்பட்டு, உடல் தாங்கும் நிலையிலிருந்து, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கும் வீடுகளில் இப்போதே செய்துகொள்வதன் பக்கமே சாய்வேன். ஆய்வுகளில் ஆயுள் சமமாக வந்ததற்குக் காரணமான பின்னணி நமக்கு முழுதாக இல்லை என்பதுதான் காரணம். ஆனால் செல்கள் உறைநிலையில் பத்திரமாக இருந்து, பரிசோதனையும் தவறாமல் நடந்து, அதிக அபாய மாற்றங்களும் இல்லையென்றால், தள்ளிப்போட்டவர் தவறு செய்துவிட்டதாக எந்த எண்ணும் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அந்த ஆண்டில் வேறெதாவது முக்கியமாக இருந்திருக்கலாம்.

அக்காவுக்கு மூன்றாண்டாகப் புரத அளவு தரையோடு இருக்கிறது. மாதம் ஒருமுறை இரத்தம் கொடுக்கிறார், முடிவு வரும் மாலையில் மட்டும் யாருடனும் பேசுவதில்லை. தலைமை ஆசிரியருக்கும் நோய் இன்னும் திரும்பவில்லை. மனைவி இப்போது கைத்தடியோடு நடக்கிறார். ஓய்வூதியத்துக்காக ஒவ்வோர் ஆண்டும் வாழ்வுச் சான்று கொடுக்கப் போகும் அதே நாளில், உறையவைத்த செல்களுக்கான ஆண்டுக்கட்டணத்தையும் கட்டிவிட்டு இரண்டு ரசீதையும் ஒரே உறையில் போட்டு வைக்கிறார்.